முகப்பரு எப்படி உருவாகிறது, எதனால் மிகுகிறது?

பத்தாம் வகுப்பு முதல் பரு இருக்கிறது, இப்போது 19 வயது, கல்லூரி விடுதிக்கு வந்தபின் கன்னத்திலும் தாடையிலும் மிகுந்துவிட்டது, நாளுக்கு ஐந்தாறு முறை முகம் கழுவுகிறேன், எண்ணெய்ப் பண்டத்தையும் சாக்லேட்டையும் தொடுவதே இல்லை, அறைத்தோழி கொடுத்த ஒரு களிம்பால் ஒரே வாரத்தில் முகம் தெளிந்தது, நிறுத்தியதும் இரு மடங்காகத் திரும்பிவிட்டது, அம்மா உடல் சூடு என்கிறார், அத்தை திருமணமானால் போய்விடும் என்கிறார், நான் செய்யும் தவறுதான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பரு எப்படி உண்டாகிறது என்பது ஒன்று. அதற்கு நான்தான் காரணமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குப் பரு வந்ததற்கு நீங்கள் காரணமில்லை. அது இவ்வளவு மிகுந்ததில் அந்தக் களிம்புக்கும், அடிக்கடி கழுவுவதற்கும் பெரும்பாலும் பங்கு இருக்கிறது. தோல் மருத்துவம் படித்து, பல ஆண்டுகளாக இதே கேள்வியை மாணவ மாணவியரிடமிருந்து கேட்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முகத்தைப் பார்க்காமல் எழுதுவதால் இதை நோய் கண்டறிதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு சிறு குழாய் போன்றது. அதன் பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்ப் பொருள் அந்தக் குழாய் வழியாக மேலே வந்து தோலை நனைக்கிறது. உடலின் மற்ற இடங்களைவிட முகத்தில் இந்தச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு என்ற கணக்கில் அவை அமைந்துள்ளன. மார்பின் மேற்பகுதியிலும் முதுகின் மேற்பகுதியிலும் அவை பெரியவை. பரு ஏன் முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களிலேயே வருகிறது, முழங்கையிலும் பாதத்திலும் ஏன் வருவதில்லை என்பதற்கு இதுவே காரணம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர்க்கால் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை, பருவும் இல்லை.

சிறு வயதில் இந்தச் சுரப்பிகள் ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருக்கும். ஏழு, எட்டு வயதில், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி, ஆண்ட்ரோஜன் எனப்படும் (ஆண், பெண் இருவரிடமும் உள்ள) ஆண்தன்மை ஹார்மோன்களைச் சுரக்கத் தொடங்கும்போது அவை விழிக்கின்றன. சில பெண் குழந்தைகளுக்குப் பூப்பெய்துவதற்கு ஓராண்டு முன்பே மூக்கிலும் நெற்றியிலும் சிறு புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். பிறகு சினைப்பையும் விரையும் ஆண்ட்ரோஜனைச் சுரக்க, தோலின் உள்ளேயே இருக்கும் ஒரு நொதி டெஸ்டோஸ்டீரோனை அதைவிட வலிமையான வடிவமாக மாற்றிச் சுரப்பியைத் தூண்டுகிறது. ஆண்ட்ரோஜன் இல்லாமல் பரு இல்லை என்பது தோல் மருத்துவத்தில் மிக உறுதியாக நிறுவப்பட்ட செய்திகளுள் ஒன்று. பருவமடையும் முன் விரை நீக்கப்பட்டவர்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் சிலருக்கு வருகிறது என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1941-இலேயே காட்டினார். ஆனால் பரு உள்ள பெண்கள் பெரும்பாலோரின் இரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு இயல்பாகவே இருக்கிறது. அளவு கூடியதால் அல்ல, அதே அளவுக்கு அவர்களுடைய சுரப்பிகள் கூடுதலாக எதிர்வினை காட்டுவதால்தான் பரு வருகிறது. அந்த இயல்பு பெருமளவு பிறப்பிலேயே அமைவது. 2002-இல் பிரிட்டனில் இரட்டைச் சகோதரிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு, ஒருவருக்குப் பரு வந்து மற்றவருக்கு வராமல் போகும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுக்களால் விளக்கப்படுகிறது என்று கணக்கிட்டது. உங்கள் அறைத்தோழி இரவில் முகம் கழுவாமல் படுத்தும் முகம் மாசில்லாமல் இருப்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

எண்ணெய் மட்டும் இருந்தால் முகம் பளபளக்கும், அவ்வளவுதான். பரு வருவதற்கு அந்தக் குழாயின் வாய் அடைபட வேண்டும். மயிர்க்காலின் உட்சுவரில் உள்ள செல்கள் இயல்பாக உதிர்ந்து எண்ணெயோடு வெளியேறிவிடும். பரு வரும் தோலில் அவை அளவுக்கு மீறிப் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெளியேறாமல் தங்குகின்றன. எண்ணெயும் செல்களும் சேர்ந்து உருவாகும் இந்த அடைப்பு கண்ணுக்கே தெரியாத அளவில் தொடங்குகிறது. இதைப் பருவின் கரு என்று சொல்லலாம். நீங்கள் கண்ணாடியில் இன்று காணும் பருவின் கரு பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன், சில நேரம் இரண்டு மாதத்துக்கும் முன், உருவானது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தக் காலக்கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நேற்று சாப்பிட்ட பரோட்டாவையும் இன்று காலை எழுந்த பருவையும் நாம் இணைத்துப் பார்க்கிறோம். ஆனால் அந்த அடைப்பு உங்கள் முந்தைய மாதத் தேர்வுக் காலத்திலேயே உருவாகியிருக்கக்கூடும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வதும், நீங்கள் ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே வந்து ஒன்றும் பலிக்கவில்லை என்று சோர்ந்ததும், இந்த இடைவெளி தெரியாததால் நேர்ந்தவை.

அடைப்பு பெரிதாகித் தோலுக்கு அடியிலேயே மூடிக் கிடந்தால் வெண்புள்ளி. வாய் திறந்து மேலே தெரிந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமை அழுக்கினால் வந்தது என்று அழகு நிலையங்களில் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. தோலின் நிறமியான மெலனினும், காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்த கொழுப்பும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாததற்கும் அதுவே காரணம். குழாய்க்குள் ஏற்கெனவே வாழும் ஒரு பாக்டீரியாவும் இந்தக் கதையில் வருகிறது. முன்பு அதற்குப் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னெஸ் என்று பெயர். 2016 முதல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்கிறார்கள். பரு இல்லாதவர்களின் தோலிலும் இது வாழ்கிறது, எனவே பரு ஒரு தொற்றுநோய் அல்ல. அறைத்தோழியின் துண்டிலிருந்து ஒட்டிக்கொள்ளாது. அடைபட்ட, ஆக்ஸிஜன் குறைந்த, எண்ணெய் நிறைந்த இடம் இந்தப் பாக்டீரியாவுக்கு வாய்ப்பாக அமைகிறது. அது எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சீண்டும். அழற்சி எனப்படும் அந்த எதிர்வினையே சிவந்த புடைப்பாகவும் சீழ்க்கொப்புளமாகவும் தெரிகிறது. குழாயின் சுவர் தோலுக்கு உள்ளேயே கிழிந்து உள்ளடக்கம் சுற்றியுள்ள திசுவில் கொட்டிவிட்டால் ஆழமான, வலிமிக்க கட்டி உண்டாகிறது. வடு விட்டுச் செல்வது பெரும்பாலும் இவ்வகைதான்.

நான் படித்த காலத்துப் பாடநூல்கள் இதை நேர்கோடாக விளக்கின. முதலில் எண்ணெய், பிறகு அடைப்பு, பிறகு பாக்டீரியா, கடைசியில் அழற்சி என்று வரிசை இருக்கும். கடந்த இருபது ஆண்டுகளில் இந்தப் படம் மாறியிருக்கிறது. பரு வரப்போகும் நபரின் தோலில், அடைப்பு தோன்றும் முன்பே மயிர்க்காலைச் சுற்றி அழற்சிச் செல்கள் கூடியிருப்பதை நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். பாக்டீரியாவிலும் எல்லாக் கிளை வகைகளும் ஒரே விதமானவை அல்ல. சில வகைகள் பரு உள்ள தோலில் கூடுதலாகத் தென்படுகின்றன. எது முதலில், எது பின்னால் என்பதில் விவாதம் தொடர்கிறது. ஆனால் எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி ஆகிய நான்கும் சேர்ந்தே பரு உண்டாகிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மருத்துவர் ஒரே மருந்தைக் கொடுக்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுப்பதும் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் தடுப்பதற்காகத்தான்.

இனி எது மிகுவிக்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் நான் முதலில் ஐயப்படுவது அந்தக் களிம்பை. பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் பரு, சிவப்பு, கருமை மூன்றும் மறைந்து முகம் வெளுத்துப் பளிச்சிட்டது, நிறுத்தியதும் இரு மடங்காகத் திரும்பியது என்ற வரிசையை எங்கள் துறையில் இருப்பவர்கள் நன்கு அறிவோம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஸ்டீராய்டு அழற்சியை உடனே அடக்கும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறத்தைக் குறைக்கும். அதனால் முதல் வாரம் அற்புதமாகத் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நரம்பு போன்ற சிவப்பு இழைகள் தெரியத் தொடங்கும், கன்னத்தில் மெல்லிய முடி வளரும், ஒரே மாதிரியான சிறு சிவப்புப் புடைப்புகள் கூட்டமாக எழும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பருவும் சேர்ந்து வெடிக்கும். அதற்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள். இப்படியே ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்களை இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்கள் பார்த்து வருகிறார்கள், இந்திய தோல் மருத்துவர் சங்கம் இதற்கெனவே விழிப்புணர்வு முயற்சிகளை மேற்கொண்டது. 2018-இல் மத்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டில்லாமல் வாங்குவது இன்னும் நடக்கிறது என்பதற்கு உங்கள் கேள்வியே சான்று. சிவப்பழகுக் களிம்பு, இரவுக் களிம்பு என்று அழகு நிலையங்களிலும் இணையத்திலும் உள்ளடக்கம் அச்சிடாமல் விற்கப்படுபவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். உங்களுடையதில் அது இருந்தால், இனி அதைத் தொடாதீர்கள். நீண்ட காலம் பூசியிருந்தால் திடீரென நிறுத்துவதால் வரும் எரிச்சலைத் தாங்கிக்கொள்ள மருத்துவர் துணை வேண்டும்.

அடுத்தது கழுவுதல். முகம் நாளுக்கு இரண்டு முறை, மென்மையான ஃபேஸ் வாஷாலோ சோப்பாலோ, விரல்களால் கழுவினால் போதும்; வியர்த்து வந்தால் ஒரு முறை கூடலாம். ஐந்தாறு முறை கழுவுவதால் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றும் குறைவாகச் சுரக்கப் போவதில்லை, ஏனென்றால் அது தோலுக்கு உள்ளே, ஹார்மோனின் ஆணையில் இயங்குகிறது. மாறாக, தோலின் மேலடுக்கில் உள்ள பாதுகாப்புப் படலம் சிதைந்து, தோல் வறண்டு, எரிச்சல் அடைந்து, பிறகு மருத்துவர் தரும் மருந்தைக்கூடத் தாங்க முடியாத நிலைக்கு வரும். நார் போட்டுத் தேய்ப்பதும், வால்நட் ஓட்டுத்தூள் கலந்த ஸ்க்ரப்பும், கடலைமாவை உலரவிட்டு உரசி எடுப்பதும் மயிர்க்காலின் சுவரைக் கிழித்து வெண்புள்ளியைச் சிவப்புப் பருவாக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பூசுவது வேண்டாம். அது தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல மடங்கு அமிலமானது, வெயில் பட்டால் சிலருக்குக் கருமையும் கொப்புளமும் விடும். பற்பசை, சமையல் சோடா இரண்டும் அதே வரிசையில் வருபவை. மஞ்சளும் சந்தனமும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை, பருவின் அடைப்பை நீக்குவதும் இல்லை.

கிள்ளுவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் கேட்காமலே சொல்கிறேன். நகத்தால் அழுத்தும்போது வெளியே வருவது கொஞ்சம், உள்ளே தள்ளப்படுவது நிறைய. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் ஒவ்வோர் அழற்சியும் ஒரு கரும் தடத்தை விட்டுச் செல்கிறது. பரு நான்கு நாளில் வற்றினாலும் அந்தத் தடம் பல மாதம் நிற்கும். என்னிடம் வருபவர்களில் பலர் பருவைவிட இந்தக் கருமைக்காகத்தான் கலங்குகிறார்கள். தடம் காலப்போக்கில் மங்கும், வெயில் பட்டால் தாமதமாகும். பள்ளமாக விழுந்த வடு தானாக மறையாது. இந்த இரண்டையும் பலர் ஒன்றெனக் கருதித் தழும்புக் களிம்புகளில் பணத்தைக் கொட்டுகிறார்கள். பள்ள வடுவை எந்தக் களிம்பும் நிரப்பாது.

உணவில்தான் உறுதியானதும் ஐயத்துக்குரியதும் கலந்து கிடக்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1969-இல் அமெரிக்காவில் 65 பேரிடம் சாக்லேட் ஆய்வு ஒன்று நடந்தது. சாக்லேட் மிகுந்த ஒரு கட்டியையும் சாக்லேட் இல்லாத ஒரு கட்டியையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்து, பருவில் வேறுபாடு இல்லை என்றார்கள். அந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை வைத்துக்கொண்டு உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். ஆனால் சாக்லேட் இல்லாத கட்டியிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன. எனவே சர்க்கரைக்கும் பருவுக்கும் தொடர்பு உண்டா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தவர்கள் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று 2002-இல் எழுதினார்கள். அவர்கள் கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியவற்றை உண்பவர்கள், சர்க்கரையும் மைதாவும் அவர்களிடம் மிகக் குறைவு. கவனியுங்கள், தேங்காயின் கொழுப்பு அவர்கள் உணவில் தாராளமாக இருக்கிறது. ஆனால் அவர்களின் மரபும் வாழ்க்கை முறையும் வேறு என்பதால், உணவுதான் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் இரத்தச் சர்க்கரையை மெதுவாக உயர்த்தும் உணவைக் கொடுத்தபோது, அந்தக் குழுவில் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்கள் எடையும் குறைந்ததால், நன்மை உணவால் வந்ததா எடையால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரத்தச் சர்க்கரை விரைவாக ஏறும்போது இன்சுலினும், அதையொட்டி ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் மிகுந்து எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன என்பது இதன் பின்னால் உள்ள விளக்கம், அது உடலியல் அடிப்படையில் பொருத்தமானது.

பாலைப் பற்றிய சான்றுகள் இன்னும் வலுக்குறைந்தவை. அமெரிக்காவில் செவிலியர்களிடம் நடந்த ஒரு பெரும் ஆய்வு, பள்ளிப் பருவத்தில் பால் மிகுதியாகக் குடித்ததாக நினைவுகூர்ந்தவர்களுக்குப் பரு சற்றுக் கூடுதலாக இருந்ததாக 2005-இல் தெரிவித்தது. கொழுப்பு நீக்கிய பாலில் அந்தத் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது. பல ஆண்டுக்கு முந்தைய உணவை நினைவிலிருந்து சொல்வது எவ்வளவு நம்பத்தக்கது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் வே புரோட்டீன் என்ற பால் புரதத்தூளைக் கலந்து குடிக்கும் இளைஞர்களுக்கு மார்பிலும் முதுகிலும் பரு வெடிப்பதை நானும் என் சக மருத்துவர்களும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், நிறுத்தினால் குறைவதையும் பார்க்கிறோம். எனவே என் கருத்து இது: இனிப்புக் குளிர்பானம், பேக்கரிப் பண்டம், மைதா உணவு ஆகியவற்றைக் குறைத்து மூன்று மாதம் பாருங்கள், குறைந்தால் தொடருங்கள். பாலை முற்றிலும் விலக்க வேண்டாம், குறிப்பாக விடுதி உணவில் புரதமும் கால்சியமும் அவ்வளவாகக் கிடைக்காத ஒரு மாணவிக்கு. வடையிலும் பஜ்ஜியிலும் உள்ள எண்ணெய் நேராக முகத்துக்கு வந்து வழிவதில்லை. சுரப்பி தன் எண்ணெயைத் தானே உற்பத்தி செய்கிறது. நீங்கள் உணவு விஷயத்தில் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் பரு குறையவில்லை என்றால் அதில் வியப்பில்லை, அது உங்கள் மன உறுதியின் தோல்வியும் இல்லை.

அம்மா சொல்லும் உடல் சூட்டை நான் ஒதுக்கிவிட மாட்டேன். மாம்பழமும் கோழிக்கறியும் முட்டையும் உடலுக்குள் சூட்டைக் கிளப்பிப் பருவைத் தள்ளுகின்றன என்பதற்குச் சான்றில்லை. ஆனால் வெளியில் உள்ள சூடு உண்மையிலேயே பாதிக்கிறது. தோலின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் எண்ணெய் வெளியேற்றம் சுமார் 10 சதவீதம் கூடுவதாக 1970-இல் பிரிட்டனில் அளந்திருக்கிறார்கள். வியர்வையில் ஊறிய மயிர்க்காலின் வாய் வீங்கி அடைபடுவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளுக்கு வந்த மேலை நாட்டுச் சிப்பாய்கள் பலருக்கு முதுகிலும் இடுப்பிலும் கடும் பரு எழுந்து, அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அக்னி நட்சத்திரக் காலத்தில் பரு கூடுகிறது என்று அம்மா கவனித்திருந்தால், அவர் கவனித்தது சரி. ஆனால் சூட்டைத் தணிக்கத் தலையில் தேய்க்கும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ நெற்றிக்கும் கன்னத்துக்கும் வழிந்தால் அது வேறு சிக்கலைத் தரும். தலைக்குப் பூசும் கெட்டியான எண்ணெய்ப் பசைகள் நெற்றியோரத்தில் வரிசையாக வெண்புள்ளிகளை உண்டாக்குவதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1970-இலேயே விவரித்தார்கள். நம் ஊர் நெற்றிகளிலும் அதே வரிசையைப் பார்க்கலாம். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். தலைக்கு வைத்து, முகத்தில் படாமல், ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள், எண்ணெய்த் தலையோடு இரவு தலையணையில் படுக்காதீர்கள்.

விடுதிக்கு வந்தபின் மிகுந்தது என்றீர்கள். தேர்வுக் கால மன அழுத்தம் பருவைக் கூட்டுவதாகக் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் 2003-இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. 22 பேர் மட்டுமே பங்கேற்றதால் அதைச் சுட்டிக்காட்டலாம், அதன்மேல் பெரிதாகக் கட்ட முடியாது. தூக்கக் குறைவு, நேரம் தவறிய உணவு, பதற்றத்தில் முகத்தைத் தொட்டுக்கொண்டே படிப்பது எல்லாம் இந்த வயதில் ஒன்றாக வருவதால், எது எவ்வளவு என்று பிரிக்க இயலாது. உராய்வும் கணக்கில் வரும். ஹெல்மெட் பட்டை தாடையில் அழுத்துவது, முகக்கவசத்தை நாள் முழுக்க அணிவது, கன்னத்தில் கையை ஊன்றியே படிப்பது ஆகியவை அந்தந்த இடத்தில் பருவைக் கூட்டும்.

தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பகுதியிலும் பரு குவிவதால் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா, மேலுதட்டிலும் முகவாயிலும் தடித்த முடி வளர்கிறதா, எடை குறுகிய காலத்தில் கூடியதா? இவற்றில் ஏதேனும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன் மட்டும் சில பருக்கள் எழுந்தால் அது மிகப் பல பெண்களுக்கு நிகழ்வது, தனியே சோதனை தேவையில்லை. சில மருந்துகளும் பருவைத் தூண்டும். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், மனநிலைக் கோளாறுக்குத் தரும் லித்தியம், மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு ஆகியவை அவற்றுள் சில. அப்படி ஏதேனும் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு, சிறு புடைப்புகள் மட்டும் இருந்தால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

சிகிச்சையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காலக்கணக்கு இங்கேயும் வருவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அடாப்பலீன் போன்ற, வைட்டமின் ஏ-யை ஒட்டிய ரெட்டினாய்டு வகைக் களிம்பு புதிய அடைப்பு உருவாவதைத் தடுக்கிறது. பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் குறைக்கிறது. ஏற்கெனவே தோலுக்கடியில் உருவாகிவிட்ட கருக்கள் மேலே வந்து தீரும் வரை புதிய பருக்கள் எழுந்துகொண்டுதான் இருக்கும். அதனால் எந்த நல்ல மருந்துக்கும் 8 முதல் 12 வாரம் தர வேண்டும். முதல் மூன்று வாரத்தில் தோல் உரிவதையும், சில நேரம் பரு சற்றுக் கூடுவதையும் பார்த்து மருந்தை விட்டுவிடுபவர்கள்தான் மிகுதி. ஸ்டீராய்டு களிம்பின் ஒரு வாரப் பளிச்சைக் கண்டவர்களுக்கு இந்தப் பொறுமை இன்னும் கடினமாகிவிடுகிறது, அந்தக் களிம்பு செய்யும் கேடுகளில் இதையும் நான் சேர்ப்பேன். ரெட்டினாய்டை இரவில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு மட்டும், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயன் குறைவு. பகலில் எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசரும் சன் ஸ்கிரீனும் வேண்டும். பென்சாயில் பெராக்சைடில் 2.5 சதவீதமே பெரும்பாலும் போதும், 10 சதவீதம் கூடுதல் எரிச்சலைத்தான் தரும். துப்பட்டாவிலும் தலையணை உறையிலும் பட்டால் நிறம் வெளுத்துவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடுவது பாக்டீரியாவை மருந்துக்கு அடங்காததாக்கும். ஆழமான கட்டிகளும் வடுக்களும் தொடங்கியிருந்தால் களிம்போடு காலம் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் வடு விழுந்தபின் செய்யக்கூடியது குறைவு.

அத்தை சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். திருமணத்துக்கும் பருவுக்கும் தொடர்பில்லை. இருபதுகளின் நடுவில் பலருக்குப் பரு தானாகத் தணிகிறது, பலருக்கு அந்த வயதில் திருமணமும் நடக்கிறது, இரண்டும் சேர்ந்து தெரிகின்றன. பெண்களில் கணிசமானோருக்கு முப்பது வயதைத் தாண்டியும் தொடர்கிறது, திருமணமானவர்களுக்கும்தான். ஆனால் ஒன்றை அத்தையிடமும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். கடும் பருவுக்கு 1982 முதல் பயன்பாட்டில் இருக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை மிக வலிமையானது, பலருக்கு நிரந்தரப் பலன் தந்திருக்கிறது. ஆனால் கருவில் உள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கக்கூடியது. அதைச் சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. ரெட்டினாய்டு களிம்பையும் கர்ப்பக் காலத்தில் பூசுவதில்லை. எப்போது திருமணப் பேச்சு வந்தாலும் உங்கள் தோல் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு முகம் கழுவுவதை இரண்டு முறையாகக் குறைத்து, ஸ்க்ரப்பை நிறுத்தி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலோ தகுதியுள்ள ஒரு தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். அறைத்தோழி கொடுத்த அந்த ட்யூபை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் என்ன இருந்தது, எவ்வளவு நாள் பூசினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அவர் முதலில் எதைத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்வார். அறைத்தோழி இன்னும் அதையே பூசிக்கொண்டிருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.